கருத்து என்றொரு கட்டம்

ரிக் வண்டி முதலாளி ஒருவரிடம் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதியவனுக்குக் கன்னியர் மடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் என் மனைவி முதலில் நம்பவில்லை. "உங்களையா? சிஸ்டருங்ககிட்டயா?" என்று கேட்டுவிட்டு அரை நாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்ததில் தப்பில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளுக்குக் கணக்கு எழுதுவது என்றால், ஒரே சங்கதியை மூன்று நோட்டில் மூன்று விதமாக எழுதுவது. பாங்குக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. முதலாளிக்குக் கடன் கழுத்துக்கு மேல் போய், வண்டிகளை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்தபோது எனக்கு ஐம்பது வயது. வெண்ணந்தூரில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து தறி ஓட்டத் தெரியாதவன் நான். பேனாவை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

மல்லசமுத்திரத்தைத் தாண்டி உள்ளே போகும் ரோட்டில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவில் இருந்தது அந்த இல்லம். புத்தி பேதலித்து, வீட்டாரும் கைவிட்டு, பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் கிடந்த பெண்களை வைத்துப் பராமரிக்கிற இடம். நான் சேர்ந்தபோது முப்பத்தொரு பேர் இருந்தார்கள். மூன்று சிஸ்டர்கள், ஒரு சமையல்காரம்மா, நான்கு ஆயாக்கள். பொறுப்பில் இருந்த சிஸ்டரை எல்லோரும் மதர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அறுபது வயதுக்காரர், நர்ஸ் படிப்பு படித்தவர், என்னைவிட வேகமாக நடப்பார். பெரிய கணக்கெல்லாம் சேலத்தில், அவர்களுடைய தலைமை மடத்தில். அங்கே பொருளாளராக இன்னொரு சிஸ்டர். வந்த பணத்துக்கு ரசீது போடுவது, அன்றாடச் செலவை எழுதுவது, மாதக் கடைசியில் ரசீது நகல்களைக் கட்டிச் சேலத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. ஒரே ஒரு நோட்டு. முதல் மாதம் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு அடுத்த நோட்டைத் தேடினேன் என்றால் நம்பமாட்டீர்கள், உண்மையை ஒரே தடவை எழுதிப் பழக்கமில்லை.

ரசீதுப் புத்தகம் சேலத்தில் அச்சடித்து வரும். தேதி, பெயர், விலாசம், தொகை, எழுத்தால் தொகை. எல்லாவற்றுக்கும் கீழே 'கருத்து' என்று போட்டு ஒரு நீளக் கட்டம். எனக்குக் கருத்து என்றால் கருத்துதான். டீக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்களே, அது. ரிக் ஆபீஸ் நோட்டில் அந்த இடத்தில் 'குறிப்பு' என்று இருக்கும். இவர்கள் கொஞ்சம் நல்ல தமிழில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. அது சொல்லித் தரவேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

ஆகவே பணம் கொடுக்க வந்தவர்கள் பேசியதில் என் மனதில் நின்றதை அந்தக் கட்டத்தில் எழுதினேன். 'பேரனுக்குப் பிறந்த நாள்' என்று எழுதினேன். 'மகள் கல்யாணம் தள்ளிப்போகிறது' என்று எழுதினேன். நாமக்கல் பக்கத்துப் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் முட்டை விலை இறங்கிவிட்டதைப் பற்றிப் புலம்பினார். 'முட்டை விலை' என்று எழுதினேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து மதர் என் மேஜைக்கு வந்து, "முட்டை விலை இப்ப பரவாயில்லையா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். சமையல் செலவைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஏறிட்டுத்தானுங்க இருக்குது" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனார். விலை ஏறியதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். சிஸ்டர்களுக்கு உலகம் தெரியாது என்று வீட்டில் போய் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் ஆபீஸ் அறையில் தினமும் காலையில் ஒரு பெண் வந்து உட்காருவாள். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். சங்ககிரியில் லாரிகள் நிற்கிற இடத்தில் கிடந்தவளை நான் சேர்வதற்கு வெகு முன்னாலேயே போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஊர், பேர், சாதி, மதம் ஒன்றும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசுகிற வார்த்தையே பத்துப் பன்னிரண்டுதான். என்னைச் 'சாமி' என்பாள், மதரைச் 'சாமி' என்பாள், கேட்டுக்கு வெளியே போகிற ஆட்டையும் 'சாமி' என்பாள். ரசீதில் ஆபீஸ் முத்திரை குத்துவது அவள் வேலை. நான் தந்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. பாதி ரசீதில் முத்திரை தலைகீழாக இருக்கும். நான் கத்துவேன். அவள் என் கோபம் அடங்கும்வரை முத்திரைக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், பிறகு அடுத்ததையும் தலைகீழாகக் குத்துவாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பந்தியில் தட்டைப் போட்டு எவ்வளவு நேரமானாலும் சோற்றில் கை வைக்கமாட்டாள். எல்லோருக்கும் பரிமாறி முடிந்து, சமையல்காரம்மா அவள் முன்னால் வந்து நின்று, "எல்லாருக்கும் போட்டாச்சு சாமி, நீ உண்ணு" என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் சாப்பிடுவாள். ஒருமுறை காய்ச்சல் கண்டு சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான்கு நாள் ஒரு வாய் இறங்கவில்லை. மூக்கில் குழாய் போடப் போகிறோம் என்றார்கள். சமையல்காரம்மா இரண்டு பஸ் மாறிப் போய் வார்டில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். இட்லி நான்கு சாப்பிட்டாளாம். மதர் எங்களிடம், "இவளை மட்டும் இடம் மாத்தவே கூடாது சார், மாத்தினா செத்துப்போவா" என்றார். நர்ஸ் படித்தவர் சொன்னது, மிகைப்படுத்திச் சொல்கிற ஆளும் இல்லை.

நான் சேர்ந்து நான்காவது வருஷம் என்று நினைக்கிறேன், கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் காரில் வந்தார். முட்டை விலை புலம்பியவர் அல்ல, இவர் வேறு. எழுபதைத் தாண்டியவர், பரம்பரை விவசாயக் குடும்பம், வாரா வாரம் இல்லத்துக்கு முட்டை அட்டைகள் அனுப்புகிறவர். மனைவிக்கு வருஷத் திதி முடிந்த மறுநாள். மதர் காப்பி போடச் சொல்ல உள்ளே போயிருந்தார். பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து செக் ஒன்றை எடுத்து நீட்டினார். இருபத்தைந்து லட்சம். சைபர்களை இரண்டு தடவை எண்ணினேன்.

பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "தண்ணியெல்லாம் எப்படிங்க இங்க?" என்றார்.

கிணறு போடும் தொழிலில் இருந்தவனிடம் இதைக் கேட்டால் விடுவானா? "இருநூறு அடியிலயே இருக்குதுங்க. இப்பக் காவேரித் தண்ணி பைப்பும் வந்திருச்சுங்க. ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன்.

"எனக்குப் பதினோரு குழிங்க. ஆயிரத்து இருநூறு அடி வரைக்கும் உட்டுப் பாத்தேன். பொகைதான் வந்துச்சு."

எந்தப் பக்கம், என்ன பாறை, எத்தனை அடியில் தண்ணீருக்குப் பதில் பாறைத்தூள் புகையாக வந்தது என்று நான் வரிசையாகக் கேட்டேன். அவரும் சொன்னார். இருபது நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் பூமிக்கு அடியிலேயே இருந்தோம். கிளம்பும்போது, மூலையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கக்கா ஒருத்தி இப்படித்தானுங்க. ஒரு நாள் ஊட்ட உட்டுப் போனவதான்" என்றார். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "சரி, வாரேனுங்க" என்று எழுந்து, காப்பிக்கும் நிற்காமல் போய்விட்டார்.

ரசீது எழுத உட்கார்ந்தேன். கருத்துக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அக்காவைப் பற்றி எழுதுவதா? ஒரு கண்ணியமான குடும்பத்தின் துக்கத்தை ரசீதில் எழுதி அவர்கள் வீட்டுக்கே தபாலில் அனுப்புவது நாகரிகமில்லை என்று பட்டது. அவர் வேறு என்ன பேசினார்? 'தண்ணீர்' என்று எழுதினேன். முத்திரை அன்றைக்கு அதிசயமாக நேராக விழுந்திருந்தது.

அதற்கடுத்த இரண்டு வருஷத்தில் நிலைமை மோசமானது. இந்தச் சபைக்கு வெளிநாட்டில் தாய்மடம் ஒன்று உண்டு. அங்கே இருந்த சிஸ்டர்கள் எல்லோரும் கிழவிகளாகி, புதிதாகச் சேர ஆளில்லாமல், மடங்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மாதாமாதம் வந்த பணம் முதலில் பாதியானது, பிறகு நின்றேவிட்டது. ஆயாக்கள் நால்வரில் இருவரை நிறுத்தினோம். மருந்துக் கடைக்காரர் பாக்கிக்காகத் தினமும் போன் செய்தார். மதர் பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு அதற்கு விரதம் என்று பேர் வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்து ஆடிட்டர் அனுப்பிய வருஷக் கணக்கு என் கண்ணில் பட்டது. இருப்புநிலைக் குறிப்பில் 'ஒதுக்கிய நிதிகள்' என்ற தலைப்பில் ஒரு பெரிய தொகை. எல்லாம் பாங்கில் வைப்புத்தொகையாகக் கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பெட்டி நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு இங்கே அரிசிக்கு அல்லாடவிடுகிறார்களே, இவர்கள் எங்கள் முதலாளியைவிடக் கெட்டிக்காரர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மதரிடமே சொன்னேன். அவர், "அது வேற பணம் சார்" என்றார். பணத்தில் என்ன வேறு பணம், காந்தி எல்லா நோட்டிலும் ஒரே மாதிரிதானே சிரிக்கிறார் என்றேன்.

பொறுக்கமாட்டாமல் சேலத்துப் பொருளாளர் சிஸ்டருக்கு நானே போன் போட்டேன். "சிஸ்டர், ஒரே ஒரு ஜர்னல் என்ட்ரிங்க. இந்த நிதியில இருந்து எடுத்து அன்றாடச் செலவுக்கு மாத்தறது. எதுவும் உறுத்தாத மாதிரி நான் எழுதித் தாரேனுங்க. ரிக் ஆபீஸ்ல இதைத்தான் பதினெட்டு வருஷம் செஞ்சேன்" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, இல்லத்தை மூடுவது பற்றிப் பேச மதரையும் என்னையும் சேலத்துக்கு வரச்சொன்னார்கள். பொருளாளர் சிஸ்டரை அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்த்தேன். தெற்கே கடற்கரை ஊர்க்காரர், ஒல்லியாக, வெயிலில் காய்ந்த மாதிரி இருந்தார். பெரும் தொகைகளைக் கட்டி ஆள்கிறவர் என்று நான் மனதில் போட்டுவைத்திருந்த படம் ஒன்று, அவர் செருப்பு வார் ஊக்கு போட்டுக் கோத்திருந்தது இன்னொன்று. பாங்குக்குக்கூட டவுன் பஸ்ஸில்தான் போவாராம். அவரைத் திட்டவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் பாதி அந்த ஊக்கைப் பார்த்ததும் மறந்துபோனது.

அவர் ஒரு கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "வயசான சிஸ்டர்களோட வைத்தியத்துக்கு ஒரு நிதி. பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஒரு நிதி. ஏழைப் பிள்ளைங்க படிப்புக்கு ஒரு நிதி. இப்படி இன்னும் சிலது. உங்க இல்லத்துப் பேருல இருக்கறது தண்ணீர் நிதி ஒண்ணுதான். இருக்கறதுலயே அதுதான் பெருசு."

"தண்ணீர் நிதியா?" என்றேன். "எங்களுக்குத்தான் தண்ணிக்கே பஞ்சமில்லீங்களே. அதுக்கு எவன் நிதி குடுத்தான்?"

அவர் ரசீது நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். இருபத்தைந்து லட்சம். கீழே என் கையெழுத்து. கருத்து: தண்ணீர்.

"குடுத்தவரோட கருத்து சார். நீங்களே எழுதியிருக்கீங்க."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மதர்தான் சொன்னார். அவர்களுடைய கோயிலில் பூசைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் எதற்காக வேண்டிக் கொடுக்கிறார்களோ அதற்குப் பெயர் கருத்தாம். செத்துப்போன அப்பாவின் ஆன்மா இளைப்பாற என்று ஒருவர் கொடுத்தால் அந்தப் பூசை அந்த அப்பாவுக்கே. வேறு யாருக்கும் திருப்ப முடியாது. தர்மத்துக்குக் கொடுக்கிற பணமும் அப்படித்தான். என்ன கருத்துக்குக் கொடுத்தாரோ அதற்கு மட்டும்தான் செலவு செய்யலாம். அந்தப் பணத்தின் வட்டியும் அதே கருத்துக்குத்தான். நான் எழுதிய கருத்துகளை ரசீது நகல்களில் பார்த்து எங்கள் இல்லத்து மூன்று சிஸ்டர்களும் தினமும் மாலை ஜெபம் செய்திருக்கிறார்கள். முட்டை விலை ஏறவேண்டும் என்று பத்துப் பதினைந்து நாள் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் அந்த ரசீது நகலை மறுபடி பார்த்தேன். முப்பத்தொரு பெண்களுக்கும் சோறு போடக்கூடிய பணத்தை ஒரு வார்த்தை எழுதிப் பூட்டியவன் நான்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கருத்து என்றால் பேச்சு என்று நினைத்ததை, பெரியவர் எதற்கென்றே சொல்லாமல் செக்கை நீட்டியதை, தண்ணீர்ப் பேச்சு வெறும் பேச்சு என்பதை, கடைசியில் அக்காவைப் பற்றிச் சொன்னதை. "அந்தப் பணம் இந்தப் பொம்பளைங்களுக்குத்தானுங்க சிஸ்டர். அவரு அக்காவ நெனச்சுக் குடுத்தது" என்றேன்.

பொருளாளர் சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ஏன் சார் அத எழுதல?"

"நாகரிகமா இருக்காதுன்னுங்க."

"போன மாசம் போன்ல கேட்டப்பவும் இதச் சொல்லலையே."

"அப்பத் தெரியாதுங்க, இப்பத்தான் தெரியுது."

அவர் கோப்பை மெதுவாக மூடினார். "உங்க மனசு எனக்குப் புரியுது சார். அந்தப் பொண்ணுங்களுக்காகத்தான் சொல்றீங்க. ஆனா எங்களுக்காகப் பொய் சொல்லாதீங்க."

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய்யை எத்தனையோ அதிகாரிகள் நம்பியிருக்கிறார்கள். ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன், அதை நம்ப ஆளில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. எழுதித் தாரேன் என்று பெருமையடித்தது இதே வாய்தான். மதராவது நம்புகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

வழி ஒன்று இருந்தது. கருத்தை மாற்றுகிற அதிகாரம் பொருளாளருக்கு இல்லை. ஆனால் கொடுத்தவரோ அவர் குடும்பமோ கடிதம் கொடுத்தால் மேலிடத்துக்கு எழுதி அனுமதி கேட்கலாம். பெரியவர் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். மகன்தான் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே கிளம்பினேன்.

பண்ணை ஆபீஸில் மகன் என்னை மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். அவர் தலைக்கு மேல் பெரியவர் படம், மாலை போட்டிருந்தது. பக்கத்தில் நான் எழுதிய ரசீது கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அப்பன் கடைசியாக் குடுத்த காசுங்க அது" என்றார் மகன். "எங்ககிட்டக்கூடச் சொல்லல. ரசீது தபால்ல வந்தப்பத்தான் தெரியும். தண்ணிக்குன்னு போட்டிருந்துச்சு பாருங்க, அதப் படிச்சுப்போட்டு எங்க ஊட்டுல எல்லாரும் அழுதுட்டோமுங்க. பதினோரு குழி போட்டு ஒரு சொட்டுத் தண்ணி காணாத மனுசன். கடேசில ஊருக்காச்சும் தண்ணி கெடைக்கட்டும்னு நெனச்சிருக்குது பாருங்க."

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒருவழியாகச் சொன்னேன். தண்ணீருக்கு அங்கே தேவையில்லை, இல்லத்தை மூடப்போகிறார்கள், சாப்பாட்டுச் செலவுக்கு அந்தப் பணத்தை மாற்றிக்கொள்ள ஒரு கடிதம் வேண்டும். அந்த வார்த்தை அப்பா சொன்னதல்ல, நானாக எழுதியது என்றும் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "ஏனுங்க, எங்கப்பன் மனசு எனக்குத் தெரியாதுங்களா? உங்களுக்குத்தான் தெரியுமுங்களா?"

வேறு வழி தெரியாமல் அக்காவைச் சொன்னேன். "உங்கப்பாவே சொன்னாருங்க. அவுங்க அக்கா ஒருத்தரு மனசு சரியில்லாம ஊட்ட உட்டுப் போயிட்டாங்கன்னு. அவுங்கள நெனச்சுத்தான் குடுத்தாருங்க."

"எங்கப்பனுக்கு அக்காவே இல்லீங்க" என்றார். கத்தவில்லை. எழுந்து நின்றுவிட்டார், அவ்வளவுதான். "உங்களுக்கு என்ன தேவையோ நேரா கேட்டிருக்கலாமுங்க. செத்தவங்க மேல கதை கட்ட வேண்டாமுங்க."

அவருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்து மறைத்தாரா என்று எனக்குத் தெரியாது. பெரியவரின் மனைவியும் இல்லை, கேட்க வேறு ஆளும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த மனிதர் தண்ணீருக்காகத்தான் கொடுத்தாரோ? கிழவர் என்னிடம் பேசியதில் இருபது நிமிஷம் தண்ணீர், அக்கா ஒரே ஒரு வாக்கியம். எது கனம் என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. மகன் மறு வாரமும் முட்டை அனுப்பினார் என்பதையும் சொல்லவேண்டும். கெட்டவர் இல்லை.

இல்லத்தை ஆடி மாதம் மூடினார்கள். முப்பத்தொரு பேரையும் ஐந்து இடங்களுக்குப் பிரித்து அனுப்பினோம். முத்திரைக்காரியைச் சமையல்காரம்மாவோடு சேர்த்து எங்கேயாவது அனுப்ப மதர் படாத பாடு பட்டார். சமையல்காரம்மாவுக்கு வீடு, பேரப் பிள்ளைகள் எல்லாம் மல்லசமுத்திரத்தில், அவரால் ஊரை விட்டு வரமுடியவில்லை. ஆத்தூரைத் தாண்டி ஒரு பெரிய இல்லத்தில் ஒரு இடம் காலியிருந்தது, அங்கே அனுப்பினோம். அவளுடைய காகிதங்களோடு மதர் தன் கையால் ஒரு பக்கம் எழுதிவைத்தார், எந்த வாக்கியத்தைச் சொன்னால் சாப்பிடுவாள் என்று. வேனில் ஏற்றும்போது அவள் என்னைப் பார்த்து "சாமி" என்றாள். டிரைவரையும் அதேபோல் பார்த்து "சாமி" என்றாள். நான் திரும்பி ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

எனக்கு மட்டும் பிழைப்பு போகவில்லை. பொருளாளர் சிஸ்டர் என்னைச் சேலத்து ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார். பொய் சொன்னவன் என்று நினைத்துக்கொண்டே வேலை கொடுத்தார். அது அவர் குணம். இப்போதெல்லாம் பணம் கொடுக்க வருகிறவர்களை, "எதுக்காகக் குடுக்கறீங்க?" என்று நான் மூன்று தடவை கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. தண்ணீர் நிதி அப்படியே இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை அதன் வட்டியை அதன் பேரிலேயே வரவு வைப்பது என் வேலைகளில் ஒன்று.

இல்லத்தை மூடி ஆறு வாரம் கழித்து ஆத்தூர்ப் பக்கத்து இல்லத்திலிருந்து போன் வந்தது. அவள் இறந்துவிட்டாள். அங்கே இருநூறு பேருக்குமேல் இருக்கிறார்கள், மூன்று பந்தியாகச் சாப்பாடு போடுகிறார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவளிடம் எல்லாருக்கும் போட்டாச்சு என்று யார் சொல்வார்கள்? மதர் எழுதிய பக்கத்தை அங்கே ஒரு ஆயா படித்துச் சொல்லியும் பார்த்தாராம். அவள் தலையைத் தூக்கி, வாசலில் காத்து நிற்கிற அடுத்த பந்திக்காரர்களைப் பார்த்தாளாம், பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் போட்டு, அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். உறவென்று யாரும் இல்லாததால் அடக்கத்தை நீங்கள் செய்கிறீர்களா என்று கேட்டார்கள்.

பொருளாளர் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவரின் மனைவி, நான் வேலைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, நாதியில்லாமல் சாகிறவர்களின் அடக்கத்துக்கென்று ஒரு தொகை கொடுத்திருக்கிறார். கருத்துக் கட்டத்தில் யாரோ ஒரு சிஸ்டர் குண்டு குண்டான எழுத்தில் 'அனாதைகள் நல்லடக்கம்' என்று எழுதியிருந்தார். சந்தேகத்துக்கே இடமில்லை. இத்தனை வருஷத்தில் வட்டி சேர்ந்து சேர்ந்து அது நல்ல தொகையாகியிருந்தது. எங்கள் இல்லத்தை இரண்டு வருஷம் நடத்தியிருக்கலாம்.

கடிதம் வேண்டியிருக்கவில்லை, அனுமதி வேண்டியிருக்கவில்லை. நான் வவுச்சர் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட அங்கேயே பேனாவை எடுத்தார். ஆம்புலன்ஸுக்கு, குழிக்கு, பூவுக்கு, பெட்டிக்கு என்று நான் குறைத்துக் குறைத்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு எதிரே இருந்த தொகையை அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல பெட்டியாவே வாங்குங்க சார்" என்றார். "இதுக்குப் பணம் இருக்கு."